சரம் தொடுக்கும் கணினி



கணினிக் கலையைத் தமிழில் எழுதப் புகுந்தோர் எழுத்துகளின் தொடர்ச்சிக்குச் ‘சரம்’ என்று பெயரிட்டனர். மிகப் பொருத்தமான பெயர். முத்துகள் தனித்தனியே கிடக்குங்கால் அது குவியல். நூலில் ஏறிய பின்னரே சரம். பண்டு முத்துக் குளித்த மன்னார்க் கரையோரத்தார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. பெயர்களின் குவியல் ஒன்றைக் கணினி எவ்வாறு சரமாக்குகின்றது, எங்கே இடறுகின்றது என்பதே இன்றைய பேச்சு.

அமெரிக்கரான லூக் கேனிஸ் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பப்பெட்’ என்பது, பல கணினிகளை ஒரே சீராக அமைத்து வைப்பதற்கான மொழி. “இதைச் செய், பின் அதைச் செய்” என்று அதில் ஏவுவதில்லை. “கணினி இந்நிலையில் இருத்தல் வேண்டும்” என்று அறிவித்துவிட்டால், வழியை அதுவே காணும். கொழும்பிலே அதே ஆண்டில் தோன்றிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனமும் தன் மென்பொருளை நிறுவுவோர்க்கெனப் பப்பெட் தொகுதிகளை வெளியிட்டுள்ளது.

இம்மொழியில் ஒரு பெயருக்கு ஒருமுறை பொருள் கொடுத்தபின், அதே இடத்தில் அதனை மாற்ற இயலாது. ஆகவே வெற்றுச் சரம் ஒன்றை வைத்துக்கொண்டு, அதனோடு ஒவ்வொரு பெயராக ஒட்டிச் செல்லும் வழக்கம் இங்கே செல்லாது. பெயர்கள் அனைத்தையும் இடைக்குறியையும் ‘ஜொயின்’ என்னும் செயற்கூற்றிடம் ஒருசேரக் கொடுத்து, முடிந்த சரத்தைப் பெறவேண்டும். இதனைக் குறைகூறுவோர் உளர். எனக்கு நல்ல கட்டுப்பாடாகவே தோன்றுகின்றது.

இடைக்குறி நடுவில் மட்டுமே வரும். “நானாட்டான், முருங்கன், வங்காலை” என்புழிப் பெயர் மூன்று, காற்புள்ளி இரண்டு. “நானாட்டானும் முருங்கனும் வங்காலையும்” என்புழியோ எண்ணும்மையும் மூன்று. முன்னது ஜொயின் செய்யும் வேலை. பின்னதற்கு, 2015இல் வந்த நான்காம் பதிப்பு முதல் மொழியோடு அமைந்த ‘மாப்’ கொண்டு ஒவ்வொரு பெயரிலும் ‘உம்’ சேர்த்த பின்னரே கோக்கவேண்டும். (புணர்ச்சி விதி கணினிக்குத் தெரியாது, யகர உடம்படுமெய்யை நாமே சொல்லிக்கொடுக்கவேண்டும்.) பெயர் ஒன்றே எனின், காற்புள்ளி முறையில் “முருங்கன்” என்று பழுதின்றி நிற்கும். “முருங்கனும்” என்றாலோ எண்ணும்மை எச்சவும்மையாகிவிடும். வேறெந்த ஊர் என்று கேட்பார்கள்.

ஈற்றில் மிகும் குறி கணினியிலும் பொருளை மாற்றும். யுனிக்ஸ் வழிவந்த கணினிகளில், கட்டளைகளைத் தேடவேண்டிய கோப்புறைகளின் பெயர்கள் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்டு ஒரே சரமாக நிற்கும். கடைசியில் ஒரு முக்காற்புள்ளி மிகுந்தால், அதன்பின் உள்ள வெறுமையை “நீ இப்போது நிற்கும் கோப்புறை” என்று கணினி கொள்ளும். நாம் பிழையாகத் தட்டக்கூடிய ஒரு கட்டளைப் பெயரில் பொல்லாதவன் தன் நிரலை அங்கே வைத்திருப்பானாயின், நம் கையாலேயே அது இயங்கும்.

வரிசையும் கவனத்திற்குரியது. பப்பெட் வழக்கமாக அரைமணிக்கொருமுறை கணினியைச் சரிபார்க்கும். அதற்கு அடிப்படையான ரூபி மொழி, 1.8ஆம் பதிப்பு வரை, திறவுச்சொற்களுடன் கூடிய தொகுதிகளின் வரிசையைக் காக்கவில்லை. பெயர்கள் அவையே, வரிசை வேறு. எனவே சரமும் வேறு. கோப்பு மாறிற்றென்று கருதிப் பப்பெட் அதனை மீண்டும் எழுதும். அதனைச் சார்ந்த சேவையையும் நிறுத்தித் தொடங்கும். ஒன்றும் மாறாமலே அரைமணிக்கொரு தடங்கல்! ரூபி 1.9 இக்குறையை நீக்கிற்று. எனினும் வேறிடத்திலிருந்து வரும் பெயர்களை அகரவரிசைப்படுத்தியபின் கோப்பது நன்று. முற்கூறிய கோப்புறைப் பட்டியல் இதற்கு விலக்கு. அங்கே முன்னிற்பதே முதலில் தேடப்படும்.

பெயரே இல்லாத தொகுதியைக் கொடுத்தாலும் ஜொயின் மறுக்காது. வெற்றுச் சரத்தைத் தந்துவிடும். “அனுமதி பெற்றோர்” என்னும் சொல்லின் பின் ஒன்றுமில்லை. அதனை ஒரு மென்பொருள் “ஒருவருக்கும் அனுமதி இல்லை” என்று கொள்ளும். மற்றொன்று “எவர்க்கும் தடையில்லை” என்று கொள்ளும். வரவு இடாப்பில் பெயரற்ற பக்கத்தைக் கண்ட ஆசிரியர் நின்று வினவுவார், கணினி வினவாது. ஆதலின் கோப்பதற்கு முன் தொகுதி வெறுமையோ என்று பார்த்து, வெறுமையெனின் வேலையை அங்கேயே நிறுத்திப் பிழை அறிவிக்குமாறு எழுதிவைக்கவேண்டும். பப்பெட்டில் அதற்கெனவே ‘ஃபெயில்’ என்னும் செயற்கூறு உண்டு.