தானாகச் சேரும் மருந்துப் பெட்டகம்



புற்றுநோய் சிகிச்சையில் பல ஆண்டுகளாகப் பயன்பட்டு வரும் மருந்து பாக்ளிடாக்செல். அது தண்ணீரில் கரைவதில்லை. ஆகவே, ஆமணக்கெண்ணெயிலிருந்து தயாரிக்கப்படும் ஒரு கரைப்பானோடு எத்தனாலும் சேர்த்து, அதில் கரைத்தே இரத்தத்தில் ஏற்றி வந்தார்கள். அந்தக் கரைப்பானோ சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்குகிறது. நோயைத் தீர்க்க வந்த மருந்தைவிட, அதைச் சுமந்து வரும் வாகனமே தொல்லை தருகிறது.

இதற்கு வேதியியல் கண்ட வழிகளில் ஒன்றுதான் பிளாக் கோபாலிமர். சிறு மூலக்கூறுகள் மணிகளைப் போல வரிசையாகக் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலியே பாலிமர். தன்மையில் மாறுபட்ட இரண்டு சங்கிலிகளை முனையோடு முனை இணைத்தால் அது பிளாக் கோபாலிமர். ஒரு பகுதிக்குத் தண்ணீர் பிடிக்கும். மறு பகுதிக்குப் பிடிக்காது. இணைந்தே இருப்பதால் இரண்டும் பிரிந்து போகவும் முடியாது. தண்ணீரில் விட்டதும், தண்ணீரை வெறுக்கும் பகுதிகள் உள்ளே ஒன்றுகூடுகின்றன. விரும்பும் பகுதிகள் வெளியே சூழ்ந்து நிற்கின்றன. சவர்க்காரம் எண்ணெய் அழுக்கை அகற்றுவதும் இம்முறையில்தான்.

எல்லாம் ஒரே வடிவில் சேர்வதில்லை. வெளிப்பகுதி நீளமாக இருந்தால், அதற்கு இடம் தேவைப்படுவதால் உருண்டை உருவாகும். அதைக் குறைத்துக்கொண்டே போனால் உருண்டை நீண்டு கம்பியாகும். பிறகு உள்ளே வெற்றிடம் கொண்ட பையாகும். 1995ஆம் ஆண்டு கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆடி ஐசன்பெர்க்கும் அவருடைய சக ஆய்வாளரும் இதைத் தெளிவாகக் காட்டினார்கள்.

இந்த உருண்டைகளுக்குள் பாக்ளிடாக்செலை அடைத்த ஊசி மருந்து 2007இல் தென்கொரியாவில் விற்பனைக்கு வந்தது. அதில் ஆமணக்கெண்ணெய்க் கரைப்பான் இல்லை. ஓர் உருண்டையின் குறுக்களவு, தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அதே 2007இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் டிஷர் குழுவினர் நூல் வடிவப் பெட்டகங்களை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். அவை ஒரு வாரம் வரை இரத்தத்தில் சுற்றி வந்தன. உருண்டைகளோடு ஒப்பிட்டால் இது ஏறக்குறைய பத்து மடங்கு அதிக நேரம்.

குறைகளும் உண்டு. இரத்தத்தில் கலந்து மிகவும் நீர்த்துப்போனால் சேர்ந்த சங்கிலிகள் பிரியலாம். மருந்து உரிய இடம் சேருமுன்பே கசிந்துவிடலாம். எலியில் கண்ட பலன் மனிதரிடம் அப்படியே கிட்டும் என்றும் சொல்லிவிட முடியாது. ஆயினும் ஓர் உண்மை நிலைநாட்டப்பட்டுள்ளது: மருந்து எது என்பது மட்டுமல்ல, அதைச் சுமக்கும் பெட்டகத்தின் வடிவமும் முக்கியம். அந்த வடிவத்தைப் பெரிதும் தீர்மானிப்பது, இணைந்த இரு சங்கிலிகளின் நீள அளவே.