இரவு விழிப்பும் உடலின் கடிகாரமும்

(சென்னை எம்.கே.பி. நகரில் ஆற்றிய உரை)



மாலையானதும் தூங்குமூஞ்சி மரம் இலைகளை மூடிக்கொள்வதை அறிவீர்கள். வெளிச்சம் குறைவது மட்டுமே இதற்குக் காரணமன்று. பிரெஞ்சு அறிஞர் தெ மைரான் இத்தகைய செடி ஒன்றை இருட்டறையில் வைத்துப் பார்த்து 1729-இல் அறிவித்தார். அங்கும் அது பகலில் விரிந்து இரவில் மூடியது. செடிக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. நமக்குள்ளும் இருக்கிறது.

சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்தவை அட்ரினல் சுரப்பிகள். ஒவ்வொன்றும் சுமார் 5 கிராம் எடைதான். இவை சுரக்கும் கார்ட்டிசால் விடியலுக்கு முன்பே ஏறத் தொடங்கி, கண் விழித்த அரைமணி நேர அளவில் உச்சமடைந்து, நள்ளிரவு வாக்கில் மிகக் குறைகிறது.

வரப்பில் பாம்பைக் கண்டால் அட்ரினலின் நொடிகளிலும், கார்ட்டிசால் நிமிடங்களிலும் கூடும். இரத்தச் சர்க்கரை ஏறி உடல் தப்பிக்கத் தயாராகும். இது நன்மையே. கடன் கவலையும் உறக்கமின்மையும் மாதக் கணக்கில் நீண்டால்தான் கேடு.

துறைமுகத்திலும் எண்ணூர், மணலி ஆலைகளிலும் இரவு ஷிப்டு பார்ப்பவருக்கும், கிராமத்தில் காட்டுப்பன்றிக்குக் காவல் இருப்பவருக்கும் நிலை ஒன்றே. வேலை இரவுக்கு மாறினாலும், காலை வெயில் உடற்கடிகாரத்தைப் பகலுக்கே இழுத்துவிடுகிறது. இப்படிப் பல்லாண்டு நீடித்தால் நீரிழிவும் இதயநோயும் வரும் வாய்ப்பு கூடுகிறது.

ஆகவே கடைப்பிடிக்க வேண்டியவை:

1. காவல் முடிந்து வந்ததும் இருட்டான, சத்தமில்லாத அறையில் உறங்குக. வீட்டார் எழுப்பலாகாது.

2. நள்ளிரவில் வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம். விடியும் நேரத்தில் தேநீர் வேண்டாம்.

3. காவலை வீட்டுக்கு வீடு முறை வைத்துக் கொள்க.

4. உறங்காத மறுநாள் பூச்சிமருந்து தெளிக்கவோ டிராக்டர் ஓட்டவோ கூடாது.

“சுரப்பி களைத்துவிட்டது” என்று டானிக் விற்போரை நம்பாதீர்கள். கவலையால் சுரப்பி எண்ணெய் வற்றிய விளக்காகிவிடுவதில்லை. தீராத களைப்புடன் எடை குறைந்து தோலும் கருத்தால் மருத்துவரிடம் செல்லுங்கள்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. மூட்டுவலிக்கென்று ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாகவே வாங்கித் தின்னாதீர்கள். பல வாரங்கள் தின்றால் சுரப்பி தன் வேலையை நிறுத்திக்கொள்ளும். அந்நிலையில் மாத்திரையைத் திடீரென விட்டால் உயிருக்கே ஆபத்து. மருத்துவர் சொல்லியபடி சிறிது சிறிதாகக் குறைப்பதே வழி.

பயிருக்குப் பருவம் பார்க்கும் நாம் நம் உடலுக்கும் பொழுது பார்ப்போமாக.