கிரையமா, குத்தகையா?

(ஏலகிரியில் நடைபெற்ற குடும்பக் கூடலில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



அடிவாரத்திலிருந்து இம்மலைக்கு ஏறிவரும் பாதையில் 14 கொண்டையூசி வளைவுகள் உண்டு. புலவர் பெருமக்களின் பெயர்களும் கடையெழு வள்ளல்களின் பெயர்களும் அவற்றுக்குச் சூட்டப்பெற்றுள்ளன. பாரியின் வளைவைக் கடக்கும்போது முல்லைக்குத் தேர் ஈந்த கதையை நினையாத தமிழர் இரார். அக்கதையில் எல்லாரும் பாராட்டுவது வள்ளன்மையை. எவரும் எடுத்துப் பேசாத செய்தி ஒன்றும் அதில் உண்டு. தேரை நிறுத்திவிட்டுப் பாரி நடந்தான். அப்பொழுதிலிருந்து அத்தேர் முல்லையினுடையது. ஐந்தாண்டு கழித்து ஆளனுப்பிச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு போகவில்லை. 'இத்தேருக்குரிய அச்சாணியை எங்கள் கொல்லன் இனிச் செய்யமாட்டான். வேறு தேர் வாங்கிக்கொள்க' என்று கொடிக்கு ஓலை விடுக்கவுமில்லை.

விலையின்றிக் கொடுத்தவன் அவ்வாறு நடந்துகொண்டான். முழு விலையையும் எண்ணி வாங்கிக்கொண்டு கைப்பேசியும் மடிக்கணினியும் விற்போர் எவ்வாறு நடந்துகொள்கின்றனர் என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் இலக்கணம். நன்னூல் தந்த பவணந்தி முனிவர் ஆறாம் வேற்றுமைக்குப் பொருள் கூறுமிடத்து, உடைமையைத் தற்கிழமை, பிறிதின் கிழமை என இருவகைப்படுத்துவார். சாத்தனது கை என்பது தற்கிழமை; சாத்தனை விட்டுப் பிரியாதது. சாத்தனது பசு என்பது பிறிதின் கிழமை. அவனிடமிருந்து பிரித்து இன்னொருவனுக்கு விற்கத்தக்கது. சரி, சாத்தனது கைப்பேசி எவ்வகையைச் சார்ந்தது? பசுவைப்போலப் பிறிதின் கிழமை என்றே மாணவர் விடை எழுதுவர்; மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆயினும் பசுவை விற்றவன் அதன் மூக்கணாங்கயிற்றைத் தன் கையிலேயே வைத்துக்கொள்வதில்லை. கைப்பேசியை விற்றவனோ வைத்துக்கொள்கிறான். அக்கயிற்றின் பெயர் மென்பொருள்.

உழவுத்தொழிலில் ஊறிய குடும்பங்களுக்கு இதனை நிலத்தின் மொழியில் சொல்வது எளிது. கிரையப் பத்திரம் எழுதும்போது, புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று எழுதுவது வழக்கம். குத்தகைச் சீட்டில் அவ்வாசகம் வராது. குத்தகைக்கு ஒரு கெடு உண்டு. உடையவன் சொல்லும் நாளில் நிலத்தை விட்டு இறங்கவேண்டும். அசையும் பொருள்களின் விற்பனைக்கும் சட்டம் உண்டு. 1930 ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், தன் 14 ஆம் பிரிவில், வாங்கியவர் அப்பொருளை இடையூறின்றி அனுபவிக்கலாம் என்ற உறுதிமொழி, எழுதப்படாவிடினும், ஒவ்வொரு விற்பனையிலும் அடங்கியுள்ளது என்று கூறுகிறது. ரசீது தரும் கடைக்காரர் கிரையம் என்றே தருகிறார். பெட்டியைப் பிறந்து, கருவியை இயக்கி, பொடி எழுத்தில் ஓடும் நிபந்தனைகளுக்கு 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்தும்போதுதான், கருவி உமக்கு, அதனுள் இருக்கும் மென்பொருள் எமக்கு, அதனைப் பயன்படுத்த உமக்கு அனுமதி மட்டுமே என்ற குத்தகைச் சீட்டு வெளிப்படுகிறது. உயிர் குத்தகைக்கு, உடல் கிரையத்துக்கு! இப்படியொரு பத்திரத்தை எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிய இயலாது.

கெடு முடிந்தால் நேர்வது என்ன? கருவி ஒரே நாளில் நின்றுவிடுவதில்லை. உற்பத்தியாளர் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை நிறுத்துகிறார். சில காலம் சென்றபின், வங்கிச் செயலியும் செய்திச் செயலியும் 'இந்தப் பழைய பதிப்பில் இயங்கமாட்டேன்' என்கின்றன. 2025 ஜனவரியில் வாட்ஸ்அப், ஆண்ட்ராய்டின் கிட்காட் பதிப்பு உள்ள கைப்பேசிகளை விட்டு விலகியது. திரை நன்றாயிருக்கும், மின்கலமும் தாங்கும். ஆனால் வெளிநாட்டில் இருக்கும் மகனின் முகத்தைப் பாட்டி அதில் பார்க்க முடியாது. இது மெல்ல நிகழும் சாவு. ஒரே நாளில் நிகழ்ந்ததும் உண்டு. அமெரிக்காவில் ரிவால்வ் என்றொரு கருவி. வீட்டு விளக்குகளையும் பூட்டுகளையும் இயக்குவது. விலை ஏறத்தாழ 300 டாலர். அந்நிறுவனத்தை வாங்கிய நெஸ்ட், 2016 மே மாதம் சேவையகத்தை அணைத்தது. வாங்கியோர் வீடுகளில் எஞ்சியது வெறும் பிளாஸ்டிக் கூடு. கருவியில் பழுதேதும் இல்லை என்பதே அதில் வியப்பு.

நம் மாநிலத்து எடுத்துக்காட்டு இன்னும் தெளிவானது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் இலட்சக்கணக்கான மாணவர் கைகளுக்கு மடிக்கணினி சென்றது. தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பெற்றவற்றில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 7. மற்றொன்று இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். பெரும்பாலான பிள்ளைகள் இரண்டாவதைத் திறந்துகூடப் பார்த்திருக்கமாட்டார்கள்; அதற்குப் பிள்ளைகளை நோவதில் பயனில்லை, சொல்லிக்கொடுத்தோர் குறைவு. 2020 ஜனவரி 14 அன்று விண்டோஸ் 7-இன் பராமரிப்பை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. ஒரே வீட்டில் இரண்டு அறைகள். ஓர் அறையின் திறவுகோல் கடல்கடந்த ஊரில் இருந்தது, அது பூட்டப்பட்டது. மற்றோர் அறையின் அமைப்பு எவரும் படித்துப் பார்க்கத் திறந்து வைக்கப்பட்டிருந்தது. அந்தப் பழைய மடிக்கணினியில் இன்றும் எளிய லினக்ஸ் பதிப்பொன்றை நிறுவி, கட்டுரை எழுதவும் கணக்குப் பார்க்கவும் இயலும். கருவி ஒன்றேதான், அது வாழ்வதும் மாள்வதும் திறவுகோல் யாரிடம் உள்ளது என்பதைப் பொறுத்தது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14 அன்று அதே முடிவு வந்தது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் இல்லாத கணினிகளை ஏற்பதில்லை. ஆகவே நன்கு உழைக்கும் கணினிகள் பல வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டன.

இது படிப்போர்க்கு மட்டும் உரிய கவலையன்று. இம்மலைக்குக் கீழே வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் காலணி தைக்கும் கூடங்களில் கணினியால் இயங்கும் தையற்பொறிகளும் தோல் வெட்டும் பொறிகளும் உள்ளன. அத்தகைய பொறியின் இரும்பு இருபது ஆண்டு உழைக்கும். அதை ஆட்டுவிக்கும் கணினியின் மென்பொருளுக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. கடன் வாங்கிப் பொறி வைத்த சிறு முதலாளிக்குத் தவணை முடியுமுன் மென்பொருளின் கெடு முடிந்தால், அவரும் அவரை நம்பியுள்ள தையற்காரப் பெண்களும் யாரிடம் போய் முறையிடுவது?

எப்பொருளும் பழசாகும், அதற்கென்ன செய்வது என்று கேட்போர்க்கு விடை கிழக்கே தெரியும் சவ்வாது மலையில் இருக்கிறது. அங்குள்ள காவலூர் வான்நோக்கு நிலையத்தில் 1972 இல் ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி ஒன்று நிறுவப்பட்டது; ஜேனா நகரத்துக் கார்ல் ஜைஸ் நிறுவனம் செய்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனைக் கடந்தபோது, அக்கோளுக்கு வளையங்கள் உண்டு என்பதற்குச் சான்று தந்த கருவிகளுள் அதுவும் ஒன்று. ஜேனா அந்நாளில் கிழக்கு ஜெர்மனியில் இருந்தது. 1990 இல் கிழக்கு ஜெர்மனி என்ற நாடே உலகப் படத்திலிருந்து மறைந்தது. விற்ற நாடு மறைந்தும் தொலைநோக்கி மறையவில்லை. 2022 இல் அதன் பொன்விழாவைக் கொண்டாடினர். காவலூரின் பொறியாளர்கள் அதைப் பிரிக்கவும் பூட்டவும் அறிந்திருந்தனர். பழைய பதிவுக் கருவிகளை நீக்கிப் புதிய மின்னணுக் கேமராக்களைப் பொருத்தினர். எவரிடமும் அனுமதி கேட்கவேண்டிய நிலை இல்லை. அவ்வாறு கேட்கவேண்டியிருந்தால், கேட்பதற்கு ஆளும் இருந்திருக்காது. உடைமை என்ற சொல்லுக்கு இதைவிடச் சிறந்த உரையாசிரியர் கிடைப்பது அரிது.

சட்டம் எவ்வளவு தூரம் வந்துள்ளது என்பதையும் பார்க்கலாம். உதிரிப்பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தராமல் வைத்துக்கொண்டதற்காக, 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 2,544 கோடி ரூபாய்க்கு மேல் தண்டம் விதித்தது. அதே நியாயம் கைப்பேசிக்கும் பொருந்தும் என்று எண்ணிப்பார்க்க மேலும் எட்டு ஆண்டுகள் ஆயின. 2022 ஜூலையில் நடுவண் அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய நான்கும் அதன் வரம்பில் வந்தன. அவ்வாண்டு டிசம்பரில் இணையவாசல் ஒன்றும் திறக்கப்பட்டது. எவ்வளவு எளிதில் பழுதுநீக்கலாம் என்று ஒவ்வொரு கருவிக்கும் மதிப்பெண் இடும் திட்டம் குறித்த அறிக்கை 2025 மே மாதம் அரசிடம் அளிக்கப்பட்டது. மென்பொருள் புதுப்பிப்பும் உதிரிப்பாகம் கிடைப்பதும் அம்மதிப்பெண்ணுக்கு அளவுகோல்கள். நல்ல தொடக்கம்தான்; ஆனால் அறிக்கை சட்டமாகாது. ஐரோப்பிய ஒன்றியத்திலோ, 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் கைப்பேசி வகைகளுக்கு, விற்பனை முடிந்தபின்னும் குறைந்தது ஐந்தாண்டு இயங்குதளப் புதுப்பிப்பும் ஏழாண்டு உதிரிப்பாகமும் தருவது கட்டாயம். அங்கே விற்போர் பலரே இங்கும் விற்கின்றனர்.

இவ்விடத்தில் இவ்வட்டாரத்துக்குரிய ஒரு வரலாற்றைச் சொல்லாமல் போவது நன்றியன்று. பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் ஆலைகள் விட்ட கழிவுநீரால் கிணறுகள் கெட்டன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்குரிய செலவை ஏற்கவேண்டும் என்ற நெறி இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே எனத் தீர்ப்பளித்தது. பொருளைச் செய்து பொருளீட்டியவர், அது விட்டுச்செல்லும் தீங்கைப் பிறர் தலையில் சுமத்திப் போகலாகாது என்ற அக்கருத்தின் வழியிலேயே மின்னணுக் கழிவு விதிகளும் நிற்கின்றன. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, தாம் விற்ற வகைக் கருவிகளின் கழிவு மறுசுழற்சிக்குச் செல்வதற்கு உற்பத்தியாளரே பொறுப்பு. ஆனால் இதில் ஒரு விந்தை காண்க: இறந்த கருவிக்கு உற்பத்தியாளர் பொறுப்பு என்று தெளிவாக எழுதிய விதி, இறக்க வேண்டாத கருவியை அவரே சாகவிடும்போது அதே தெளிவுடன் பேசுவதில்லை. பிணத்துக்குக் காப்பு உண்டு, நோயாளிக்கு இல்லை!

உற்பத்தியாளர் பக்கத்திலும் நியாயம் உண்டு. அதை மறைத்துப் பேசுவது முறையன்று. பத்தாண்டுக்கு முந்திய கருவிக்கெல்லாம் காலமெல்லாம் பொறியாளரை வைத்துப் பராமரிக்க எந்த நிறுவனத்தாலும் இயலாது. பழைய மென்பொருளின் ஓட்டை வழியே திருடர் நுழைவர் என்ற அச்சமும் பொய்யன்று. ஆகவே என்றென்றும் பேணுக என்று கேட்பது பேராசை. கேட்கவேண்டியவை இரண்டே. எந்த ஆண்டுவரை பேணுவோம் என்பதை, மருந்துப் புட்டியில் காலாவதி நாளைப் பொறிப்பதுபோல, பெட்டியின் மேலேயே அச்சிடட்டும். அந்நாள் வந்தபின், பூட்டின் திறவுகோலையும் பழுதுநீக்கும் குறிப்பேட்டையும் வாங்கியவரிடம் ஒப்படைக்கட்டும். கடமையைக் கைவிட்டவர் அதிகாரத்தை மட்டும் கையில் வைத்திருப்பதற்கு எந்த அறநூலிலும் இடமில்லை.

பூட்டைத் திறப்பது குற்றமாகாதா என்ற ஐயம் இளைஞர்க்கு எழும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, 2012 இல் சேர்க்கப்பட்டது, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்போரையே தண்டிக்கிறது. தம் கருவியைத் தாமே உயிர்ப்பிக்க முனைவோரின் நோக்கம் அதுவன்று. ஆயினும் உத்தரவாதக் காலம் முடியுமுன் அதில் கைவைத்தால் உத்தரவாதம் போய்விடக்கூடும் என்பதை நினைவிற் கொள்க.

இனி வீட்டளவில் செய்யத்தக்கவை. கைப்பேசியோ கணினியோ வாங்குமுன், இதற்கு எத்தனை ஆண்டு புதுப்பிப்பு வரும் என்று கடைக்காரரைக் கேட்டு, விடையை ரசீதிலேயே எழுதி வாங்குக. அவர் சிரித்தாலும் கேட்க. வாக்களித்த காலத்துக்கு முன் நிறுத்திவிட்டால், 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதனைச் சேவைக் குறைபாடு என்றோ முறையற்ற வணிக நடைமுறை என்றோ வாதிட இடமுண்டு. விலை 50 இலட்சம் ரூபாயைத் தாண்டாதவரை மாவட்ட ஆணையமே வழக்கை ஏற்கும். 5 இலட்சம் வரை கட்டணம் இல்லை. வாங்கிய ஊரில்தான் தொடுக்கவேண்டும் என்பதில்லை, குடியிருக்கும் ஊரிலேயே தொடுக்கலாம். வழக்குக்குரிய காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் தொடுத்தல் வேண்டும். பொடி எழுத்து நிபந்தனையே நியாயமற்ற ஒப்பந்தம் என்று எதிர்ப்பதாயின் மாவட்டத்தில் இயலாது, மாநில ஆணையத்துக்குச் செல்லவேண்டும். இவ்வளவுக்கும் முன்னே, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்து முறையிடலாம், தமிழிலேயே பேசலாம்.