மண் தின்னும் ஆசையும் ரத்தசோகையும்

(விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



மண்தான் இந்த ஊரின் பிழைப்பு. களிமண்ணைக் குழைத்துப் பொம்மை வார்க்கிறோம், ஃபியூஸ் கட்டை வார்க்கிறோம். அந்த மண்ணையே கிள்ளி வாயில் போட்டுக்கொள்ளும் பெண்களும் நம்மிடையே உண்டு. சாம்பல், பச்சரிசி, ஓட்டுச் சில்லு என்று எதையாவது மென்றுகொண்டிருப்பார்கள். மாமியார் ஏசுவாள், புருஷன் கை நீட்டுவான். கெட்ட பழக்கமாம்! பெரும்பாலும் அது உடம்பில் இரும்புச் சத்து வற்றியதன் அடையாளம், தோழர்களே. தின்ற மண்ணோ, சோற்றிலுள்ள இரும்பையும் உடம்பில் சேரவிடாது.

கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். சிவப்பு போய் வெளுத்திருக்கிறதா? நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? நாற்றுக் கட்டைத் தூக்கினால் கண் இருட்டுகிறதா? நகம் குழிந்திருக்கிறதா? "சோம்பேறி" என்று மேஸ்திரி திட்டுகிற பெண்ணுக்கு அநேகமாக இந்த வியாதிதான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை.

மாதா மாதம் ரத்தம் போகிறது. பிள்ளைப்பேறு அடுத்தடுத்து வருகிறது. எல்லோரும் சாப்பிட்டபின் மிச்சமிருக்கும் ரசச் சோறுதான் அவள் பங்கு. வெறுங்காலோடு வயலில் இறங்கினால் கொக்கிப்புழு பாதத்தின் வழியே ஏறி, குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கிறது. இப்படி ரத்தம் வற்றியவளுக்குப் பிரசவத்தில் உதிரம் கொட்டினால் தாங்காது, உயிரே போகும்.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசமாக ரத்தம் சோதிப்பார்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் குறையக் கூடாது, கர்ப்பிணிக்கு 11. அது 7-க்குக் கீழே போனால் மாத்திரையை நம்பி வீட்டில் இருக்காதீர்கள், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சிவப்பு மாத்திரையைப் பலர் பரணில் போட்டுவிடுகிறார்கள். அதன் கதையைக் கேளுங்கள். 1928-ல் லூசி வில்ஸ் என்ற பெண் டாக்டர் இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலையில் வேலை செய்த கர்ப்பிணிகளைத் தாக்கிய ஒருவகை ரத்தசோகையை ஆராய்ந்தார். சாப்பாட்டுக் குறையே காரணம் என்று கண்டு, ஈஸ்ட் சாறு கொடுத்துக் குணமாக்கி, 1931-ல் அதை வெளியிட்டார். அதிலிருந்த சத்துக்குப் பின்னால் ஃபோலிக் அமிலம் என்று பெயர் வந்தது. சிவப்பு மாத்திரையில் இரும்போடு அதுவும் இருக்கிறது. ஆலைப் பெண்கள் பட்ட பாட்டில் பிறந்த மருந்தைப் பரணிலா போடுவது?

கர்ப்பிணிகள் நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒன்றாக 180 நாள் சாப்பிட வேண்டும். பிள்ளை பிறந்தபின் இன்னொரு 180 நாள். மலம் கறுக்கும், பயப்படாதீர்கள். வயிற்றைப் புரட்டினால் சாப்பாட்டுக்குப்பின் போடுங்கள். மாத்திரையோடு டீ கூடவே கூடாது, ஒரு மணி நேரம் போகட்டும். எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்றாக ஏறும். மற்றப் பெண்களுக்கு எத்தனை மாத்திரை, எப்போது பூச்சி மருந்து என்பதை டாக்டர் சொல்வார். ரத்தம் ஏறியபின்னும் இரண்டு மூன்று மாதம் நிறுத்தாதீர்கள். ஒரு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறவில்லையென்றால் வேறு காரணம் இருக்கலாம். மறுபடி போய்க் காட்டுங்கள்.

முருங்கைக் கீரை, கேழ்வரகு, கம்பு எல்லாம் நல்லதுதான். ஆனால் ஈரலிலும் சுவரொட்டியிலும் உள்ள இரும்புதான் சீக்கிரம் உடம்பில் ஒட்டும். அதை வாங்கக் கூலி வேண்டும் என்பீர்கள். வாஸ்தவம், அதற்குத்தான் சங்கம். ஆனால் வாங்கி வந்த ஈரலை யார் தட்டில் முதலில் போடுவது என்பதற்குச் சங்கம் தீர்மானம் போட வேண்டியதில்லை, ஆண் தோழர்களே!