முதுகு வலியும் என்பின் வன்மையும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டியுள்ள கப்பல்துறை போன்ற ஊர்களில், அறுபதைக் கடந்த பெண்கள் இடுப்பிற் கையூன்றி எழுவதும், முதுகு கூனி நடப்பதும் நாள்தோறும் காணும் காட்சிகள். “வயது போனால் வலி வருந்தானே” என்று அதனைப் பொறுத்துக்கொள்வோர் ஒரு சாரார். அயலார் சொற்கேட்டுக் கடையிற் கல்சியக் குளிகை வாங்கி, அளவறியாது விழுங்குவோர் மற்றொரு சாரார். இவ்விரு வழிகளும் பொருந்தாதவை. வலியின் காரணத்தை முதலில் அறிதல் வேண்டும். உணவிற் கிடைப்பதைக் கணக்கிடல் வேண்டும். குறைவதை மாத்திரமே குளிகையால் நிரப்பல் வேண்டும். இம்மூன்றையும் விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

என்பு கல்லைப் போல உயிரற்ற பொருளன்று. நாள்தோறும் அதன் ஒரு பகுதி கரைகிறது. மற்றொரு பகுதி புதிதாகக் கட்டப்படுகிறது. ஏறத்தாழ 30 வயது வரை கட்டுதல் மிகும். பின்னர்க் கரைதல் மெல்ல மேலோங்கும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பின் வரும் சில ஆண்டுகளில் இத்தேய்வு விரைவுபடுகிறது. இத்தொடர்பை 1941ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவரான புல்லர் ஆல்பிரைட் எடுத்து விளக்கினார். உள்ளே நுண்ணிய துளைகள் பெருகி என்பு நொய்ந்துபோகும் இந்நிலையே என்புப்புரை எனப்படும். புழு அரித்த வள்ளத்தின் பலகை புறத்தே செப்பமாகத் தோன்றுவது போல, இந்நோயும் முறிவு நேரும் வரை வெளிப்படுவதில்லை.

முதுகு வலி யாவும் என்புப்புரையால் வருவன அல்ல. பெரும்பாலானவை தசை, தசைநார், மூட்டு ஆகியவற்றின் இறுக்கத்தாலும் தேய்வாலும் வருவன. அவை இலேசான நடமாட்டத்தாலும் பயிற்சியாலும் தணியும். ஆனால், நீர்க்குடம் ஒன்றைத் தூக்கியபோதோ குனிந்து கூட்டியபோதோ முதுகிற் சடுதியாகக் கடுவலி எழுமாயின், முள்ளென்பு ஒன்று நசுங்கியிருத்தல் கூடும். உயரம் குறைதலும் முதுகு கூனுதலும் இதற்குரிய அடையாளங்கள். இதனை வாய்வு என்று எண்ணி எண்ணெய் தேய்த்துக் காலங்கடத்துவோர் பலர். வலியோடு காய்ச்சல், உடல் மெலிவு, கால் வலுவிழத்தல், சிறுநீர் அடங்காமை ஆகியவற்றில் ஒன்று சேரினும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

இனி உணவைக் காண்போம். வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கல்சியமும், 50 வயதைக் கடந்த பெண்ணுக்கு 1200 மில்லிகிராமும் வேண்டும். 200 மில்லிலீற்றர் பசுப்பாலில் ஏறத்தாழ 240 மில்லிகிராம் உண்டு. 50 கிராம் குரக்கன் மாவிற் செய்த பிட்டு 170 தரும். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிர் ஒரு கோப்பை 180க்குக் குறையாது. ஒருபிடி முருங்கையிலைச் சுண்டல் 150 அளவிலும், ஒரு மேசைக்கரண்டி எள்ளு 85 அளவிலும் உதவும். இவற்றைக் கூட்டினால் 800ஐத் தாண்டும். எஞ்சியதிற் பெரும்பகுதியைக் கடல் தரும். முள்ளோடு மென்று உண்ணக்கூடிய நெத்தலியும், முள் மெதுவாகும்வரை அவித்த சூடை மீனும் கல்சியக் களஞ்சியங்கள். ஆயின் கருவாட்டை நன்கு கழுவி உப்பை நீக்குதல் அவசியம். உப்பு மிகுந்தாற் சிறுநீரோடு கல்சியமும் வெளியேறும். உண்பதெல்லாம் உடலிற் சேர்வதுமில்லை. பாலிலுள்ள கல்சியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உடலிற் சேரும். பசளி போன்ற சில கீரைகளிலும் எள்ளிலும் உள்ள ஒட்சலேற்று என்னும் பொருள் அதனைக் கட்டிவைத்துக்கொள்வதால், அவற்றிலிருந்து கிடைப்பது குறைவே.

கல்சியம் மாத்திரம் என்பாகிவிடாது. புரதம் வேண்டும். பருவமடைந்த பெண்பிள்ளைக்கு உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுக்கும் வழக்கம், என்பு கட்டப்படும் வயதில் ஊட்டமளிக்கும் நல்வழக்கமாகும். அவ்வூட்டம் சடங்கு நாட்களோடு நின்றுவிடாது இருபது வயது வரையிலும் தொடர்தல் நன்று. கல்சியத்தைக் குடல் ஏற்பதற்கு விற்றமின் டி வேண்டும். உணவில் அது மிகச் சிறிதே உண்டு. பெரும்பகுதியைத் தோலே சூரிய ஒளியால் ஆக்குகிறது. வெயிலுக்குக் குறைவில்லாத கீழ்க்கரையிலும், வீட்டினுள்ளேயே முடங்கியிருக்கும் முதியோருக்கும் உடல் முழுதும் மூடி நடப்போருக்கும் இக்குறை நேரலாம்.

குளிகைகளின் பயன் யாது? இருவேறு ஆய்வுகள் இதற்குத் தெளிவான விடை தருகின்றன. பிரான்சில் நடத்தப்பட்டு 1992ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், முதியோர் இல்லங்களில் வாழ்ந்த 3270 பெண்கள் பங்குகொண்டனர். கல்சியமும் விற்றமின் டியும் பெற்றவர்களிடையே 18 மாதத்தில் இடுப்பென்பு முறிவு 43 வீதம் குறைந்தது. 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்விலோ 36,282 பெண்கள் ஏறத்தாழ 7 ஆண்டுகள் பங்குகொண்டும், இடுப்பு முறிவு ஐயத்துக்கிடமின்றிக் குறைந்ததாகக் காணப்படவில்லை. சிறுநீரகக் கல் 17 வீதம் மிகுந்தது. முன்னையோர் வெயிலும் போதிய ஊட்டமும் இன்றி முதுமையுற்றவர்கள். பின்னையோர் உணவிலேயே வேண்டிய அளவுக்கு அணித்தாகக் கல்சியம் பெற்றவர்கள். குறையுள்ளவருக்கு மருந்தாவது நிறைந்தவருக்குச் சுமையாகிறது.

ஆதலின் குளிகை வேண்டியவர்களும் முறையறிந்து உட்கொள்ளல் வேண்டும். ஒரு முறைக்கு 500 மில்லிகிராமுக்கு மேற்படாதிருத்தல் நன்று. கல்சியம் காபனேற்றுக் குளிகையை உணவோடு உட்கொள்க. இரும்புச்சத்துக் குளிகையோடு அதனைச் சேர்த்து விழுங்கலாகாது. தைரொயிட்டு மருந்துக்கும் அதற்கும் நான்கு மணிநேர இடைவெளி வேண்டும். விற்றமின் டி 70 வயது வரை நாளொன்றுக்கு 600 அலகும், அதன்மேல் 800 அலகும் போதும். வட மத்திய மாகாணத்திலும் அதனையடுத்த பகுதிகளிலும் நாட்பட்ட சிறுநீரக நோய் பரவியிருத்தலை நேயர்கள் அறிவர். அந்நோயுடையோர் வைத்தியரைக் கேளாது இக்குளிகைகளைத் தொடுதல் ஆகாது.

சித்த மருத்துவர் வாத நோய்களை 80 எனப் பகுத்தனர். என்பு முறிவுக்குப் பிரண்டையை விதந்தனர். பிரண்டைத் துவையல் உணவாகச் சிறந்ததே. எனினும் தேய்ந்த என்பை அது மீட்டுத்தரும் என்பதற்குப் போதிய சான்று இன்னும் இல்லை. சுதேச வைத்தியத்தை நாடுவோருக்குக் கப்பல்துறையிலேயே ஆயுள்வேத வைத்தியசாலை உண்டு. அங்கே தகுதி பெற்ற வைத்தியரைக் காணலாம். பெயரும் சேர்க்கையும் அறியப்படாத மூட்டுவலித் தூள்களை மாத்திரம் வாங்கலாகாது. அத்தகைய தூள்களிற் சிலவற்றில் ஸ்டீரொயிட்டு மருந்து மறைவாகக் கலக்கப்படுவதுண்டு. அது வலியை அன்றே தணிக்கும். மாதக்கணக்கில் உண்டால் என்பையே அரித்துவிடும். ஏற்கெனவே என்பு முறிந்தவருக்கு உணவு மாத்திரம் போதாது. என்பு கரைவதைத் தடுக்கும் மருந்துகள் இன்று உள்ளன. அவை வேண்டுமா என்பதை என்படர்த்திச் சோதனையின் பின் வைத்தியர் தீர்மானிப்பார்.

இவை யாவற்றுடனும் நாள்தோறும் அரைமணி நேர நடையும், புகைத்தலைக் கைவிடுதலும் சேரவேண்டும். கிணற்றடியிற் பாசி படியாது தேய்த்து வைத்தலும், இரவில் நடைவழியில் விளக்கு எரியவிடுதலும் சிறு செயல்களே. ஆயினும் வீழ்ச்சியைத் தடுப்பவை அவையே. இல்லத்திற் பேத்திக்குப் பால் வார்க்கும் பாட்டி, தனக்கும் ஒரு குவளை வார்த்துக்கொள்ளட்டும். பேத்தியின் என்பு கட்டப்படும் காலத்திலேயே பாட்டியின் என்பும் காக்கப்படும்.