குழந்தைகளின் கோர்ட்டில் நின்ற ராணுவ டாக்டர்

(ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டங்களில் பேசியதன் சுருக்கம்)



நம் சத்திரப்பட்டித் தறிகளில் காயத்துக்குக் கட்டும் துணி நெய்கிறார்கள். அது எந்த ஊர்ப் புண்ணைக் கட்டப் போகிறதோ, நெய்கிறவருக்குத் தெரியாது. அப்படிப்பட்ட துணியோடு மூன்று யுத்தங்களில் நின்ற ஒரு மனிதரைப் பற்றி இன்று பேசுகிறோம். போலந்து நாட்டு யூதர். பெற்றோர் வைத்த பெயர் ஹென்ரிக் கோல்ட்ஷ்மிட். உலகம் அறிந்த பெயர் யானுஷ் கோர்ச்சாக்.

வார்சா நகரம் அன்று ஜார் மன்னன் பிடியில் இருந்தது. 1905ல் டாக்டர் பட்டம் வாங்கிய கையோடு அவரை ஜப்பான் யுத்தத்துக்கு இழுத்துப் போனார்கள். 1914ல் மறுபடியும் அழைப்பு. 1920ல் செஞ்சேனையை எதிர்த்த போலந்து ராணுவத்தில் தொற்றுநோய் ஆஸ்பத்திரி வேலை. அவர் கம்யூனிஸ்ட் அல்லர். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

யுத்தங்களுக்கு நடுவே குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஏழைப் பிள்ளைக்குக் காய்ச்சல் தீரும். அதே பட்டினிக்குத் திரும்பிப் போகும். மருந்து மட்டும் போதாது என்று கண்டார். 1912ல் வார்சாவில் யூத அநாதைக் குழந்தைகளின் இல்லத்துக்குத் தலைமை ஏற்றார். அவர் யுத்தத்தில் இருந்த நாளெல்லாம் இல்லத்தைத் தாங்கியவர் ஸ்டெபானியா வில்சின்ஸ்கா என்ற அம்மையார். எழுதுகிறவர்கள் அவரை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள்!

அந்த இல்லத்தில் ஒரு கோர்ட் இருந்தது. நீதிபதிகள் குழந்தைகளே. சட்டத்தில் முதல் 99 பிரிவுகள் மன்னிப்புக்கும் தள்ளுபடிக்கும். பிறகு நூறு நூறாக ஏறும். ஆயிரமாவது பிரிவு, இல்லத்தை விட்டு நீக்கம். பெரியவர்கள் மீதும் பிராது கொடுக்கலாம். கோர்ச்சாக்கே அரை வருஷத்தில் ஐந்து முறை அங்கே நின்றார். ஒரு பையனைக் காதோடு அறைந்தது ஒரு வழக்கு. ஒரு சிறுமி திருடியதாகச் சந்தேகித்தது இன்னொன்று. அவரே அதை எழுதி வைத்திருக்கிறார்.

மில்லில் மேஸ்திரி தடித்துப் பேசினால் நாம் கேட்டில் கூட்டம் போடுகிறோம். பண்ணையார் "டேய்" என்றால் அரிவாளைக் கீழே வைக்கிறோம். நியாயம்தான். வீட்டில் எட்டு வயதுப் பையனை விறகுக்கட்டையால் அடித்தால், அவன் எந்த கேட்டில் கூட்டம் போடுவான்? (சிரிப்பு) சிரிக்கிற தோழர்கள் யாரென்று உங்கள் வீட்டுக்காரிகளுக்குத் தெரியும்.

1939ல் ஹிட்லர் போலந்தைப் பிடித்தான். 1940ல் வார்சா யூதர்களை மதிலுக்குள் அடைத்தான். இல்லமும் உள்ளே போனது. அந்தப் பட்டினியில், 1942 ஜூலை 18 அன்று, பிள்ளைகள் நம் தாகூரின் 'தபால் ஆபீஸ்' நாடகத்தை நடித்தார்கள். வெளியே போக முடியாமல் அறையில் கிடந்து ராஜாவின் கடிதத்துக்குக் காத்திருக்கும் நோயாளிச் சிறுவனின் கதை. ஆகஸ்ட் முதல் வாரத்தில் நாஜிகள் வந்தார்கள். தப்பிக்க நண்பர்கள் வழி சொல்லியும் கோர்ச்சாக் மறுத்தார். சுமார் 200 குழந்தைகளோடு அவரும் அந்த அம்மையாரும் ட்ரெப்லிங்கா கொலைமுகாமுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். திரும்பவில்லை.

1978ல் மக்கள் போலந்து ஐ.நா.வில் குழந்தை உரிமை ஒப்பந்தம் வேண்டும் என்று முன்மொழிந்தது. 1989ல் நிறைவேறியது, 1992ல் இந்தியா ஏற்றது. பிள்ளையைப் பாதிக்கும் காரியத்தில் பிள்ளையின் பேச்சையும் கேட்க வேண்டும் என்பது அதில் ஒரு பிரிவு.

மழை பொய்த்த வருஷத்தில் தரகர் ஊருக்குள் வருவதை நாம் பார்த்திருக்கிறோம். பள்ளிக்கூடம் போகிற பெண்ணை எங்கோ ஒரு மில் விடுதிக்கு அனுப்ப, திண்ணையில் முன்பணம் பேசுவார். அப்பன் பேசுவான், மாமன் பேசுவான். அந்தப் பெண் கதவுக்குப் பின்னால் நிற்பாள்.

இனி இப்படி ஒரு பேச்சு வந்தால், சங்கத் தோழர்கள் அந்த வீட்டுக்குப் போய், முதலில் அவளை உட்கார வைத்துக் கேட்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் எழுதி வந்திருக்கிறோம். வாசிக்கிறோம். ஆட்சேபணை உள்ளவர்கள் எழுந்து சொல்லலாம்.