சக்கில் உருப்படியைப் பிடிக்கும் முறை
(சித்தன்னவாசலில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இங்குள்ள அறிவர் கோயிலை இன்று காலை நாம் யாவரும் கண்டு வந்தோம். 9ஆம் நூற்றாண்டில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அதனைப் புதுப்பித்தானென்று கல்வெட்டுக் கூறுகின்றது. மலையைக் குடைந்த சிற்பிகளுக்கு ஒரு பாக்கியமிருந்தது. வேலைப் பொருளைப் பிடித்து நிறுத்தும் கவலை அவர்களுக்கில்லை. குன்று தானே நின்றது, உளியே அசைந்தது. கடைசல் இயந்திரமாகிய லேத்திலோ உளி நிற்க, உருப்படி சுழல்கின்றது. ஆதலின் அதனைப் பிடித்து நிறுத்தும் பொறுப்பு முழுதும் நம்முடையதே.

நமக்கு வடக்கே பொன்மலையில் ரயில்வே பட்டறை 1928இல் அமைந்தது. அது முதலாக இப்பக்கத்து வாலிபர் பலர் இயந்திரத் தொழிலிற் புகுந்தனர். சிறு பட்டறைகளிலும் நம் பிள்ளைகள் லேத்தின் முன் நிற்கின்றனர். அவர்கள் பொருட்டே இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டோம்.

மூன்று தாடைச் சக்கில் தாடைகள் ஒருங்கே நகரும். உருண்டையான கம்பிக்கும் அறுகோணக் கம்பிக்கும் இது தகும். கோணல் வார்ப்புகளுக்கு, ஒவ்வொரு தாடையும் தனித்து நகரும் நான்கு தாடைச் சக்கே ஏற்றது. எதுவாயினும் தாடைகளைத் துடைத்து, சீவலும் பிசிறும் நீக்கிய பின்னரே பிடித்தல் வேண்டும். உருப்படியின் நுனியை மட்டும் கவ்வச் செய்தலாகாது. வெளியே நீளும் பகுதி விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேற்படின், மறுமுனைக்கு டெயில்ஸ்டாக்கின் ஆதாரம் கொடுக்கவேண்டும். தாடைகள் சக்கின் உடலைக் கடந்து மிக வெளியே துருத்துமாயின் அவற்றை உள்ளிருந்து பற்றும் பற்கள் குறைந்து போகும். அப்போது பெரிய சக்கையோ, திருப்பி மாட்டிய தாடைகளையோ நாடுதலே விவேகம். மெல்லிய குழாயை அளவுக்கு மீறி இறுக்கின் வட்டம் குலையும். குறைவாக இறுக்கினாலோ அது நழுவும். ஆகையால் உள்ளே பொருந்திய கட்டை ஒன்றை வைத்து இறுக்குக. சாவியில் குழாய் மாட்டிப் பலத்தைக் கூட்டுவது சக்கைக் கெடுக்கும்.

வேகம் இருமடங்காகில், தாடைகளை வெளியே தள்ளும் விசை நான்கு மடங்காகும், பிடி தளரும். சக்கின்மேல் பொறித்துள்ள உச்ச வேகத்தை ஒருபோதும் மீறலாகாது.

இனி எம் குறையொன்றைச் சொல்லுகிறோம். தொழில் பயின்ற நாளில், ஒரு மாலை அவசரத்தில் சாவியைச் சக்கிலேயே விட்டு விசையைத் தட்டினோம். அது பறந்து, எதிரே நின்ற சிறுவனின் தலைக்கு ஒரு சாண் மேலே சுவரில் மோதிற்று. அவன் சிரித்தான், எமக்கோ இராமுழுதும் உறக்கமில்லை. சாவியைக் கையினின்று விடுமுன் சக்கினின்று எடுப்பதென்னும் விதியை அன்றே மேற்கொண்டோம். இறுக்கிய பின் சக்கை ஒரு சுற்றுக் கையால் திருப்பி, எங்கும் தட்டாமையைக் கண்டு, அதன் பின்னரே விசை தருக.

தொங்கும் துண்டு, தளர்ந்த சட்டைக்கை, கைக்கடிகாரம், மோதிரம், கையுறை இவை சுழலும் சக்கின் அருகே ஆகா. கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். சுழன்றுகொண்டிருக்கையில் அளத்தலும், சீவலைக் கையால் எடுத்தலும் வேண்டா. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும், ஓடும் இயந்திரத்தின் அருகில் வேலை செய்வோர் இறுகிய உடை அணியவேண்டுமென்றும், கண்ணுக்குக் காப்பு வேண்டுமென்றும் விதித்திருந்தது. இயந்திர வேலைக்குச் செல்லும் மகனிடம் இவற்றை நினைப்பூட்டுதல் தாய் தந்தையர் கடமையுமாகும்.

நண்பர்களே! இம்மலையில் ஏழடிப்பாட்டத்தை நோக்கி ஏறுவோர், ஓர் அடி உறுதியாய்ப் பதிந்த பின்னரே மறு அடியைத் தூக்குகின்றனர். லேத்திலும் முறை அதுவே. முதலில் பிடி, பின்னர் ஓட்டம். இளைஞர்கள் மாலையில் முழுக் கையோடும் முழுக் கண்ணோடும் வீடு திரும்புதலே நம் குலத்தார்க்குப் பெருஞ்செல்வம்.